ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள்

பள்ளிக்கூடம் விட இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அதற்குள்ளாகவே தவமணி வந்து, கேட்டுக்கு எதிர்ப்புறம் புங்கமரத்தடியில் கிடந்த சிமென்ட் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். சீக்கிரம் வந்ததற்கு ஒரு காரணமும் இல்லை. வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி ஏழு மணிக்கே சாயப்பட்டறைக்குப் போய்விடுவார், மிருதுளா ஒன்பதரைக்கு, அதற்கப்புறம் அந்த வீட்டில் சத்தம் போடுவது ஃபிரிட்ஜ் ஒன்றுதான். அதுவும் கொஞ்ச நேரம் முனகிவிட்டு டக்கென்று நின்றுபோகும். நின்ற பிறகுதான் இத்தனை நேரம் அது முனகிக்கொண்டிருந்ததே தெரியும். அந்த மாதிரி நேரத்தில் கூடத்தில் தனியாக நிற்கக் கூடாது என்பதை இந்த மூன்று மாதத்தில் அவள் தெரிந்துகொண்டிருந்தாள். அதனால் ரசத்தை இறக்கி மூடிவைத்த கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கையில் ஒரு பேனாவும் தினசரி காலண்டரில் கிழித்த நேற்றைய தாளும் இருந்தன. புதன்கிழமை முடிந்துபோயிருந்தாலும் தாளின் பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் விளையாட்டுப் பார்க்குக்கு என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்று அதில் எழுத வேண்டும். துண்டு இரண்டு, என்று எழுதினாள். பாப்பாவுக்கு மாற்று உடுப்பு இரண்டு செட். தேங்காய் எண்ணெய், சின்ன டப்பாவில். அந்தத் தண்ணீரில் மருந்து போட்டிருப்பார்கள், தோல் வறண்டுவிடும். சீப்பு. தண்ணீர் பாட்டில். பிறகு சாப்பாடு என்று எழுதி, அதற்கு நேராகப் பேனா நின்றுவிட்டது. வெளிச் சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று டிக்கெட்டிலேயே போட்டிருந்தது. ஆனால் மிருதுளா வெளியில் வாங்கியதைத் தின்றால் வாந்தி எடுப்பாள். ரசஞ்சாதம்தான் அவளுக்கு, அதிலும் கறிவேப்பிலை கண்ணில் படக் கூடாது. ஒரு சின்ன டப்பாவைத் துண்டுக்குள் சுற்றி ஒளித்துக் கொண்டுபோனால் என்ன? வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்களே. பார்த்துவிட்டு, எல்லோர் முன்னாலும், என்னம்மா இது என்று கேட்டால் குழந்தைக்கு ஒத்துக்காதுங்க என்று சொல்ல வேண்டும். உங்க குழந்தையா என்று கேட்பார்களா? அதை யார் கேட்கப்போகிறார்கள். யாரும் கேட்க மாட்டார்கள். இருந்தாலும் சாப்பாட்டுக்கு நேராக ஒரு கேள்விக்குறி போட்டுவைத்தாள்.

திங்கட்கிழமைதான் இது ஆரம்பித்தது. மிருதுளாவோடு படிக்கும் ஹர்ஷிதா முகத்தில் புலி வேஷம் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்துவிட்டாள். முந்தின நாள் அந்த மலையடிவாரத்துப் பார்க்கில் போட்டுவிட்டதாம்; ராத்திரி கழுவ விடாமல் அப்படியே படுத்துத் தூங்கி, பாதி அழிந்த கோடுகளோடு வந்து வகுப்பில் உறுமினாளாம். மிஸ் அழிக்கச் சொல்ல, ஒரே அழுகை. இதையெல்லாம் மிருதுளா தவமணியிடம் சொல்லவில்லை. சாயங்காலம் அப்பா வந்த பிறகு அவர் மடியில் ஏறி உட்கார்ந்து சொன்னாள். தவமணி சமையலறையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். அவளுக்கு முன்பே தெரிந்தது ஒன்றுதான்: மத்தியானம் குழந்தை பீரோக் கண்ணாடி முன்னால் போய் நின்று தன் கன்னத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது. என்ன கண்ணு என்று கேட்டதும் கண்ணாடியை விட்டுப் போய்விட்டது. அன்றைக்கே ஈஸ்வரமூர்த்தி போனில் டிக்கெட் போட்டுவிட்டார். மூணு பேருக்கும் போட்டாச்சு என்று அவர் சொன்னபோது அவரைக்காய் நறுக்கிய கை ஒரு நொடி நின்றது. மூணு. அந்த வீட்டில் யாரும் அதுவரை அப்படி எண்ணியதில்லை. அவள் எண்ணிப் பார்த்திருக்கிறாள். தட்டு வைக்கும்போது, துணி மடிக்கும்போது. ஆனால் இன்னொருவர் வாயிலிருந்து வந்து கேட்டதில்லை. அந்த மூன்று, இரண்டு நாளுக்கு மேல் இருக்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை பாய்லர் சோதனைக்கு ஆள் வருகிறார்கள், தான் இல்லாமல் முடியாது என்றார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வந்துருங்க. பஸ்ஸு பார்க்கு வாசல்லயே நிக்கும்" என்றார். கைகழுவப் போனவர் திரும்பி நின்று, "பாப்பாகிட்ட நீயே பக்குவமாச் சொல்லிரு தவமணி" என்றார். அவர் பொல்லாத மனிதர் இல்லை. பாய்லர் வெக்கையில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவர். தலையணையில் தலை பட்டால் தூங்கிவிடுவார். குழந்தையின் முகம் மாறுவதைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை, அதனால் அதை இவளிடம் கொடுத்துவிட்டார். இவளுக்கு மட்டும் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இருக்குதுங்க என்றுதான் அவளும் சொல்லியிருப்பாள்.

இன்றைக்கே சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குப் போகிற வழியில். வழியில் என்றால் எங்கே? கேட்டுக்கு வெளியிலேயே சொன்னால் எல்லோரும் பார்க்க அழுவாள். வீட்டுக்குப் போய்ச் சொன்னால் கூடத்தில் அவள் அம்மாவின் போட்டோவுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்வாள். அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் அவளை எழுப்புகிற உரிமை தவமணிக்கு இல்லை, அப்படி யாரும் சொல்லவில்லை, ஆனால் இல்லை. அப்படியானால் நடுவழியில், பனியன் கம்பெனிச் சுவர் ஓரத்தில். அங்கே கட்டிங் வேஸ்ட் குவிந்து கிடக்கும். கலர் கலராய்த் துணித் துண்டுகள். தினமும் அதில் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டுதான் மிருதுளா வருவாள். எதைப் பொறுக்கலாம் என்று குனிந்து நிற்கும்போது முகம் கீழே இருக்கும். அப்போது சொன்னால் அந்த முகத்தைத் தானும் பார்க்க வேண்டியிருக்காது. இப்படி நினைத்ததும் ஈஸ்வரமூர்த்திக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றியது. பேனா மூடியைக் கடித்தாள். வாயில் பிளாஸ்டிக் வாசம் வந்தது.

ஒரு பெண் வந்து பலகையின் மறுமுனையில் உட்கார்ந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். மாசி முடியவில்லை, அதற்குள் என்ன வெயில் பாருங்க என்றாள். ஆமாங்க என்றாள் தவமணி. அந்தப் பெண் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீங்க மிருதுளாவோட..." என்று இழுத்து, இழுத்த இடத்திலேயே விட்டுவிட்டாள். "ஆமாங்க" என்றாள் தவமணி. முடிக்காத கேள்விக்கு ஆமாம் என்று சொல்வது இந்த மூன்று மாதத்தில் பழகிவிட்டது. அந்தப் பெண்தான் ஹர்ஷிதாவின் அம்மா என்று பிறகு தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை போகிறோம் என்று தவமணி சொன்னதும் அவள் நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு பார்க்கைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னாள். காலையில் பத்து மணிக்குள் போய்விட வேண்டுமாம், இல்லாவிட்டால் சின்னக் குளத்தில் கால் வைக்க இடம் இருக்காதாம். அலை அடிக்கிற குளத்துக்குக் குழந்தையைக் கொண்டுபோகவே கூடாதாம். உயரம் பார்க்கிற கம்பு ஒன்று வைத்திருக்கிறார்களாம், அதற்குக் கீழே இருந்தால் ராட்டினத்தில் ஏற்ற மாட்டார்களாம். புலி போடுகிறவர் வாசலுக்கு இடதுபுறம் உட்கார்ந்திருப்பாராம். கூட்டம்தான் தாங்க முடியாதாம். இவர்கள் போன அன்றைக்கு ஒரு குழந்தை கைவிட்டுப் போய், அது அம்மா அம்மா என்று கத்த, அங்கே இருந்த அம்மாக்கள் எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்களாம். "பெத்தவ மட்டும் எங்கயோ இருந்து ஓடியாந்துட்டா. தன் புள்ள சத்தம் தெரியுமில்லைங்க" என்றாள். பிறகு ஒரு யோசனை சொன்னாள்: அழியாத மார்க்கரில் குழந்தையின் கையில் போன் நம்பரை எழுதிவிடுவது. தன் மகளுக்கும் எழுதினாளாம். "அம்மா நம்பர்னு எழுதிருங்க, போதும்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குப் பட்டது போலிருக்கிறது. வெயிலைப் பற்றி இன்னொரு தரம் சொல்லிவிட்டு, நிழல் அந்தப் பக்கம் நல்லா இருக்குதுங்க என்று எழுந்து மற்ற பெண்கள் நின்ற இடத்துக்குப் போய்விட்டாள்.

மார்க்கர், என்று தவமணி எழுதினாள். எழுதிவிட்டு அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் தெரியும். ஹர்ஷிதாவின் அம்மா ஒன்றும் பெரிதாகச் சொல்லிவிடவில்லை, ஊரில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் தவமணி கண்ணை மூடிக்கொண்டு மிருதுளாவின் குரலில் அம்மா என்ற சொல்லைக் கேட்டுப் பார்க்க முயன்றாள். கேட்டிருக்கிறாள், தினமும் காலையில் கேட்கிறாள். அம்மாவுக்குப் பூ வைக்கணும். அம்மா லைட்டு எரியல. கூடத்துச் சுவரில், சந்தன மாலைக்குள், சிவப்பு குண்டு பல்புக்கு மேலே கோகிலா சிரித்துக்கொண்டிருப்பாள். ஐந்தே நாள் காய்ச்சலில் போனபோது குழந்தைக்கு ஒன்றேகால் வயது. முகம் ஞாபகம் இருக்க வழியில்லை. அவளுக்கு அம்மா என்றால் அந்தப் படம்தான், அப்பா தூக்கிப் பிடித்தால்தான் எட்டுகிற இடத்தில் இருப்பது. அதைச் சொல்லும்போது குரலில் ஒரு தேடலும் இருக்காது. காலண்டர், கடிகாரம் என்பது போலச் சொல்வாள். காணாமல் போகும்போது அந்தச் சொல்லை அவள் சொல்ல மாட்டாள், சொல்ல அவசியம் இல்லை, அம்மா வீட்டில் சுவரில் பத்திரமாக இருக்கிறார்கள். அப்பா என்று கத்துவாள். அப்பா அன்றைக்குப் பாய்லர் பக்கத்தில் இருப்பார். அந்தக் கூட்டத்தில் நூறு குழந்தைகள் அப்பா என்று கத்திக்கொண்டிருக்கும், இவள் காது அதில் எந்த அப்பாவைப் பிடிக்கும்? யாராவது ஒரு காவலாளி குனிந்து, யார்கூட வந்தே பாப்பா என்று கேட்பான். பெயரைச் சொல்லுவாள், நன்றாகவே சொல்லுவாள், மிருதுளா, எல்கேஜி பி செக்‌ஷன் என்று. யார்கூட வந்தே? அங்கே வந்து நின்றுவிடும். தூக்கிக்கொண்டு போய் மைக் இருக்கிற அறையில் உட்கார வைப்பார்கள். மஞ்சள் உடை அணிந்த நான்கு வயதுப் பெண் குழந்தை, பெயர் மிருதுளா, தன்னுடைய, என்று ஒலிபெருக்கி சொல்லிவிட்டுக் கரகரக்கும். தன்னுடைய யாரை? மைக்கைப் பொத்திக்கொண்டு மறுபடியும் குழந்தையைக் கேட்பார்கள். அது உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சுவரைப் பார்க்கும். எங்கேயோ ஒரு பெஞ்சுக்கும் ஐஸ்கிரீம் கடைக்கும் நடுவில் தவமணி ஓடிக்கொண்டிருப்பாள், முடிக்காத அந்த வாக்கியத்தில் கூப்பிடுவது தன்னைத்தான் என்று தெரியாமல்.

யாரும் கூப்பிடாமல் இருப்பது புதிதில்லை. கார்த்திகையில் கோயிலில் வைத்துத் தாலி கட்டி வீட்டுக்கு வந்த அன்றைக்கு, ஈஸ்வரமூர்த்தியின் அக்கா ரங்கநாயகி ஆசையாகத்தான் குழந்தையை முன்னால் தள்ளி, அம்மான்னு கூப்பிடு கண்ணு என்றாள். குழந்தை ஒருவரையும் பார்க்காமல் கையை நீட்டிச் சுவரைக் காட்டி, "அம்மா அங்க இருக்கறாங்க" என்றது. அதில் கோபமோ அழுகையோ இல்லை. தெரியாதவர்களுக்குச் சொல்வது போல. வந்திருந்தவர்கள் பாயசத் தம்ளரைப் பிடித்தபடி நின்றார்கள். அப்படின்னா சித்தின்னு கூப்பிடட்டும் என்றார் யாரோ. தவமணிக்கே அந்தச் சொல் பிடிக்கவில்லை. கதைகளில் அந்தச் சொல்லோடு வருகிறவள் குழந்தைக்குப் பழைய சோறு போடுகிறவள். உனக்கு எப்படிப் பிடிக்குதோ அப்படிக் கூப்பிடு கண்ணு என்று அவள்தான் சொன்னாள். பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டதாக அன்றைக்கு நினைத்தாள். மிருதுளாவுக்கு எப்படியும் பிடிக்கவில்லை போல. கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். தண்ணீர் வேண்டுமென்றால் வந்து பக்கத்தில் நிற்பாள். பாவாடை நாடா அவிழ்ந்தால் முழங்கையைத் தொடுவாள். அவசரம் என்றால் சமையலறை வாசலில் நின்று கதவிடம் சொல்வது போல, பசிக்குது என்பாள். நீ என்றும் இல்லை, நீங்க என்றும் இல்லை. ஈஸ்வரமூர்த்தி முதல் மாதம் முழுக்க வாங்க போங்க என்றுதான் பேசினார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தவமணி என்றார். தை மாதத்தில் ஒரு நாள் குளியலறையிலிருந்து, "கோகி, துண்டு" என்று கேட்டார். தவமணி துண்டை எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் போய்விட்டாள். உள்ளே தண்ணீர் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, தவமணி என்று குரல் வந்தது. அவள் சத்தமில்லாமல் நாலு எட்டு பின்னால் வந்து, அங்கிருந்து, இதோ வந்தனுங்க என்றாள். முதலில் கூப்பிட்டது கேட்கவில்லை என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும். அதற்காக இன்றுவரை அவளுக்கு வருத்தம் இல்லை. பின்னால் வைத்த அந்த நாலு எட்டுதான் அவ்வப்போது காலில் வந்துபோகிறது.

பார்க் ஒன்றும் அவளுக்குப் புதிதில்லை என்று ஹர்ஷிதாவின் அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தாராபுரத்தில் முதல் புருஷன் வீட்டில் எட்டு வருஷம் வாழ்ந்து, பிள்ளை இல்லை என்று அண்ணனை வரச் சொல்லி, கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்களே, அதற்குப் பின்னால் பனியன் கம்பெனியில், தைத்ததை அளந்து சரிபார்க்கிற செக்கிங்கில் சேர்ந்து இரண்டாவது வருஷம், கம்பெனியில் எல்லோரையும் பஸ் வைத்து அழைத்துப் போனார்கள். இதே பார்க்தானோ வேறோ, மலை மட்டும் தெரிந்தது. கூட வேலை பார்த்த பிள்ளைகள் எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயது. இறங்கினதும் கைப்பையையும் போனையும் செருப்பையும் கொண்டுவந்து அவள் மடியில் குவித்துவிட்டு, அக்கா பாத்துக்கங்க்கா என்று ஓடிவிட்டார்கள். அக்காவுக்குத் தண்ணீர் என்றால் பயம் என்று அவர்களாகவே எப்படியோ கண்டுபிடித்திருந்தார்கள். சாயங்காலம் வரைக்கும் பத்தொன்பது பைகளோடு ஒரு குடைக்கடியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு முறை எழுந்து, பைகளைக் கண் பார்வையில் வைத்துக்கொண்டே, சின்னக் குளத்து ஓரத்தில் கால் விரலை மட்டும் நனைத்தாள். நீல ஓடு பதித்த தரை தண்ணீருக்கடியில் ஆடியது. தரையே நிலையில்லாதது போலத் தலை சுற்றியது. உடனே திரும்பிவிட்டாள். அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லோருடைய தலையும் ஈரமாக இருந்தது, அவளுடையது மட்டும் காலையில் வாரின மாதிரியே இருந்தது. இப்போது குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தத் தண்ணீருக்குள் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் யார் இறங்குவார்கள்? குழந்தையை மட்டும் இறக்கிவிட்டுக் கரையில் நிற்க முடியுமா? நின்றால், நின்று ஏதாவது ஆகிவிட்டால், ஊர் என்ன சொல்லும் என்பது இருக்கட்டும், அந்தச் சுவரில் இருக்கிறவள் என்ன சொல்லுவாள்? சிரித்துக்கொண்டேதான் இருப்பாள். அதுதான் தாங்காது.

இறங்குவதற்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது. உடை மாற்றுகிற அறை. இதுவரை தவமணி குழந்தையைக் குளிப்பாட்டியதே இல்லை. காலை ஆறரைக்கு அப்பாதான் குளிப்பாட்டுவார். சட்டை மாட்டி, பவுடர் போட்டு, போட்டோவுக்குப் பூ வைத்த பிறகுதான் இவள் கைக்கு வருவாள், தலை பின்னுவதற்கு. பெண்கள் அறைக்குள் அப்பா வர முடியாது, வந்திருந்தாலும் முடியாது. இதை அவரும் யோசிக்கவில்லை. அங்கே கதவைச் சாத்திக்கொண்டால் இவர்கள் இரண்டு பேர்தான். நீச்சல் உடுப்பு வாங்கும்போது கடைக்காரப் பெண், பாப்பா என்ன அளவு, கூட்டிட்டு வந்திருக்கலாமே என்றாள். தவமணி ரேக்கில் தொங்கியவற்றை ஒரு முறை பார்த்து மஞ்சளில் ஒன்றை எடுத்தாள். செக்கிங்கில் ஏழு வருஷம் இருந்தவளுக்கு டேப் வேண்டியதில்லை. மார்பு ஐம்பத்தாறு சென்டிமீட்டர். தோளிலிருந்து இடுப்பு முப்பத்தெட்டு. வீட்டுக்கு வந்து, குழந்தை தூங்கும்போது அதை உடம்பின் மேல் வைத்துப் பார்த்தாள். இம்மி பிசகவில்லை. ஒரு தடவைகூட அள்ளி எடுக்காத உடம்பின் அளவு இவ்வளவு சுத்தமாக எப்படித் தனக்குத் தெரிந்தது என்று யோசித்து, இத்தனை நாளும் எவ்வளவு பார்த்திருக்கிறோம் என்று அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

மணி அடித்தது. வேன்காரர்கள் பீடியை மிதித்து அணைத்தார்கள், பெண்கள் கேட்டை நோக்கி நகர்ந்தார்கள். கேட்டில் ஆயாம்மா ஒவ்வொரு குழந்தையாகப் பெயர் சொல்லி விடுவாள். உங்கம்மா வந்தாச்சு ஓடு, உங்க தாத்தா வந்தாச்சு ஓடு என்று முதுகைத் தட்டி அனுப்புவாள். மிருதுளாவின் முறை வந்ததும், "உங்க வீட்டுல வந்தாச்சு பாரு" என்றாள். மிருதுளா தவமணியைப் பார்த்தாள், பக்கத்தில் வந்தாள், பையைக் கழற்றி நீட்டினாள். தவமணி வாங்கிக்கொண்டாள். பையில் தண்ணீர் பாட்டில் மூடி சரியாக மூடாமல் ஒழுகியிருந்தது. இரண்டு பேரும் வெயிலில் நடந்தார்கள். குழந்தை ஓரடி தள்ளித்தான் நடப்பாள், முன்னாலும் இல்லாமல் பின்னாலும் இல்லாமல்.

பனியன் கம்பெனிச் சுவரோரம் குவியல் இன்றைக்குப் பெரிதாக இருந்தது. ஆரஞ்சு, கருப்பு, ஆகாய நீலம். மிருதுளா குனிந்து கிளற ஆரம்பித்தாள். தவமணி தொண்டையைச் செருமிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு வேலை வந்துவிட்டது, அப்பாவால் வர முடியாது, நாம் இரண்டு பேர் மட்டும் போய்விட்டு வரலாம் என்று சொன்னாள். சொல்ல நினைத்திருந்த மற்றவை, ஐஸ்கிரீம், ராட்டினம், எல்லாம் மறந்துபோயிற்று. கிளறிக்கொண்டிருந்த கை நின்றது. தலை நிமிரவில்லை. கம்பெனிக்குள் தையல் மெஷின்கள் ஒன்றாக ஓடி ஒன்றாக நின்றன. பிறகு குழந்தை ஒரு ஆரஞ்சுத் துண்டை உருவி எடுத்துக்கொண்டு, "புலி?" என்றாள்.

புலி போட்டுக்கொள்ளலாம், அதற்கு நாம் போனால் போதும் என்றாள் தவமணி.

"தண்ணிக்குள்ள?"

அதற்கு வருகிறேன் என்று சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அந்த முகம் இப்போது நிமிர்ந்து, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. கலங்கியிருந்தது, ஆனால் இன்னும் வழியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை. "எனக்குத் தண்ணின்னா பயம் கண்ணு. முழங்கால் வரைக்கும்னா வருவேன்" என்றாள்.

மிருதுளா இதை யோசித்தாள். "உன்ர முழங்காலா, என்ர முழங்காலா?"

உன்ர என்றது தவமணிக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. உன் முழங்கால் என்றாள். அது கம்மி என்றாள் குழந்தை. அப்படியானால் என் முழங்கால் என்றாள் தவமணி. மிருதுளா பக்கத்தில் வந்து, புடவை மேல் கையை வைத்து முழங்கால் எங்கே இருக்கிறது என்று அழுத்திப் பார்த்தாள். அந்தக் கையை அப்படியே நகர்த்தாமல் தன் வயிற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே வந்தது. "சரி, அதுவரைக்கும் வா" என்றாள். பிறகு, தனக்கும் பயம்தான் என்றும், அப்பாவிடம் சொல்லக் கூடாது என்றும் சொன்னாள். சொல்ல மாட்டேன் என்றாள் தவமணி.

இதோடு விட்டிருக்கலாம். இத்தனை பேச்சு இந்த மூன்று மாதத்தில் நடந்ததில்லை. இதைக் கெடுத்துக்கொள்ளாமல் வீட்டுக்குப் போய்ச் சோறு போட்டிருக்கலாம். பயமுறுத்தாதே என்றுதான் ஈஸ்வரமூர்த்தியும் சொல்வார். ஆனால் மரத்தடியில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தது நெஞ்சிலேயே நின்றது. அங்கே ரொம்பக் கூட்டமாக இருக்கும், கூட்டத்தில் நான் காணாமல் போய்விட்டால் என்ன செய்வே என்று கேட்டுவிட்டாள். நீ காணாமல் போனால் என்று கேட்க வாய் வரவில்லை.

"அழுவேன்" என்றாள் மிருதுளா உடனே.

"அழுதா யாராச்சும் வருவாங்க. யாரு வேணும் பாப்பான்னு கேப்பாங்க. அப்ப என்ன சொல்லுவே?"

குழந்தை ஆரஞ்சுத் துண்டை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடியும் சுற்றினாள். கேட்டிருக்கவே கூடாது என்று தவமணிக்குப் பட்டது. கையில் அப்பா நம்பர் எழுதியிருப்போம், அதைக் காட்டினால் போதும், ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை என்று தானே பதிலை எடுத்துக் கொடுக்கப் போனாள்.

"தவமணி வேணும்னு சொல்லுவேன்" என்றாள் மிருதுளா.

அப்பா கூப்பிடுகிற அதே மாதிரி சொன்னாள், முதல் எழுத்தில் ஒரு சின்ன அழுத்தத்தோடு. எதிரில் தள்ளுவண்டியில் துணி தேய்த்துக்கொண்டிருந்தவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, பெரியவங்களப் பேரு சொல்றா பாருங்க என்று சிரித்தார். தவமணி அவர் பக்கம் திரும்பவில்லை. அங்கே பாட்டெல்லாம் போட்டிருப்பார்கள், மெதுவாகச் சொன்னால் யாருக்கும் கேட்காது, இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்றாள். மிருதுளா சத்தமாகச் சொன்னாள். இன்னும் கொஞ்சம் என்றாள் தவமணி. குழந்தை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, தவமணி வேணும் என்று தெருவெல்லாம் கேட்கும்படி கத்தினாள். மாடியில் துணி காயப்போட்ட ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

ரோட்டைத் தாண்டும்போது தவமணி கையை நீட்டினாள். மிருதுளா அவள் இரண்டு விரலைப் பிடித்துக்கொண்டாள். ஒரு லாரியும் இரண்டு மொபெட்டும் போக நின்றார்கள். அந்தப் பக்கம் போனதும் விரலை விட்டுவிட்டாள். அது ரோட்டுக்கு மட்டும்தான். ஆரஞ்சுத் துண்டைச் சுழற்றிக்கொண்டு முன்னால் குதித்துப் போக ஆரம்பித்தாள், ஒவ்வொரு குதிக்கும் ஒரு தரமாக, தவமணி வேணும், தவமணி வேணும் என்று, பள்ளியில் பாட்டுச் சொல்கிற ராகத்தில். பத்துப் பதினைந்து தரம் சொன்ன பிறகு அதில் அர்த்தம் போய் ராகம் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. குழந்தை அதைச் சொல்கிறோம் என்பதையே மறந்திருப்பாள். அது தவமணிக்கும் தெரியும். வீடு வந்ததும் நின்றுவிடும். இன்னும் இரண்டு தெரு இருந்தது. அவள் எட்டிப் பிடித்து நடக்கவில்லை. ஒழுகுகிற பையைக் கை மாற்றிக்கொண்டு, எவ்வளவு மெதுவாக நடக்க முடியுமோ அவ்வளவு மெதுவாகப் பின்னால் நடந்தாள்.